எஞ்சியவர்கள் இருவர்

மன்ஹைமில் இரவு ஒரு மணி.
ஆஸ்பத்திரி விரிப்புகள் எழுபது கிலோ
பெரிய மெஷினுக்குள் புரளத் தொடங்கும்போது
அமெரிக்காவில் யாரோ தேசிய கீதம் பாடி முடிப்பார்கள்.

அலமாரி மேலிருந்த ரேடியோவின் முள் உடைந்து
சிப்பாய்களுக்கான அலைவரிசையிலேயே
நிரந்தரமாகச் சிக்கியிருந்தது.
நானும் நெவென்காவும் அழைக்காத விருந்தாளிகள்.

இரண்டு ஆண்கள். வெண்டல், கஸ்.
வெண்டலுக்குத் தொண்டையில் கரகரப்பு,
கஸ்ஸுக்கு வாயில் எப்போதும் கச்சான்.
பேஸ்பால் என்று ஒன்று அவர்கள் முன்னால் நடந்துகொண்டிருந்தது;
அதைப் பற்றியும் இடைக்கிடை சொல்வார்கள்.

மற்றபடி,
கஸ்ஸின் மாமியார் பூசணிக்காய்ப் போட்டியில் தோற்றது,
புல்லில் வந்து குந்திய கடற்பறவைகள் பதினொன்று,
இல்லை பன்னிரண்டு,
"ஒன்றை இரண்டுதரம் எண்ணிவிட்டாய் வெண்டல்",
மூன்றாம் வரிசையில் தொப்பிக்குள் தூங்கும் மனிதன்
இன்றைக்கும் வந்திருக்கிறானா என்பது.
மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும், சனம் எழும்பிக் கத்தும்,
கஸ் அவசரமாக விழுங்கிவிட்டு
"அட, போயிற்று!" என்பார்.
எது, எங்கே, யாருடையது என்றறிய
அடுத்த பூசணிக்காய் முடியும்வரை காத்திருக்கவேணும்.

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஆங்கிலம் என்னுடையது.
இங்கே அதற்குத் தலைகால் விளங்கவில்லை.
ஒருவன் இரண்டாம் மூலையைத் திருடினான் என்று குதூகலித்தார்கள்.
பொலிஸ் வரவில்லை.
இன்னொருவன் தான் ஆட்டமிழந்து
மற்றவனை ஓடவிட்டான்;
அதற்குப் பெயர் தியாகம் என்றார் வெண்டல்.
அந்தச் சொல்லை இவ்வளவு லேசாக,
கச்சான் கோதுக்கிடையில்,
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
மடித்த தலையணை உறையை
விரித்து மறுபடி மடித்தேன்.

நெவென்காவுக்கு ஆங்கிலமே இல்லை.
குரல்களை வைத்து அவளாக ஒரு கதை வைத்திருந்தாள்:
இருவரும் ஒரே பெண்ணைக் கட்டியவர்கள்,
அடுத்தடுத்து.
அவள் இப்போது மூன்றாமவனோடு.
நான் மறுக்கவில்லை. பேஸ்பாலை விட அது பொருந்தியது.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் வெண்டல் கணக்குச் சொல்வார்:
ஓட்டம் இல்லை, அடி இரண்டு, எஞ்சியவர்கள் இருவர்.
எஞ்சியவர்கள் என்றால்
பாதி வழி ஓடி, மூலையில் ஒரு காலை வைத்தபடி நின்று,
பின்னால் வந்தவன் கோட்டைவிட்டதால்
வெறுங்கையோடு நடந்து திரும்புகிறவர்கள்.
அவுட்டானவர்கள் இல்லை. வந்துசேர்ந்தவர்களும் இல்லை.
என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது,
மூன்று மாதத்துக்கொருக்கால் முத்திரை குத்துவார்கள்.
ஜெர்மன்காரர் அதற்கு வைத்த பெயருக்கு
'பொறுத்துக்கொள்ளுதல்' என்று அர்த்தம்.

ஓகஸ்டில் ஓரிரவு அங்கே மழை.
ஆட்டத்தை நிறுத்தித் தார்ப்பாயால் மூடினார்கள்.
ஒன்றே முக்கால் மணிநேரம்
ஒன்றுமே நடக்காத மைதானத்தை
இருவரும் விடாமல் வர்ணித்தார்கள்.
தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர்
ஆட்டுக்கடா மாதிரியா, கேத்தல் மாதிரியா;
நமுத்துப்போன கச்சானுக்கு என்ன வைத்தியம்;
குடை விற்கும் பையன் குடையில்லாமல் நிற்பது.
சூடாக வெளிவந்த விரிப்பை
அந்தப் பக்கம் நெவென்கா, இந்தப் பக்கம் நான்,
கிட்ட வந்து, விலகி, கிட்ட வந்து,
ஏனென்று தெரியாமல் சிரித்ததில்
அன்றைய அடுக்கு முழுக்கக் கோணல்.
தொப்பிக்காரன் எழும்பவில்லையாம்,
தெப்பமாக நனைந்தும் தூங்குகிறானாம்.
"விடு" என்றார் கஸ்,
"இப்போதைக்கு ஜெயித்துக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான்."

ஐந்தரைக்குப் பகல்காரிகள் வந்தார்கள்.
அங்கே பதினோராம் சுற்று, மூன்றாம் மூலையில் ஒருவன்,
வெண்டலின் குரல் மெல்லிதாகிக்கொண்டே போக
யாரோ வந்து ரேடியோவை நிறுத்தினாள்.

டிராம் படியில் ஒரு காலை வைத்து
கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன்.
ஓட்டுநர் மணியடித்தார்.
உள்ளே இடம் பிடித்து வைத்திருந்த நெவென்கா கேட்டாள்,
கடைசியில் அவள் யாரிடம் போனாளாம்?

இன்னும் சொல்லவில்லை, என்றேன்.
இன்றைக்கு மழை.